கிட்டாருக்குள் ஒளிந்திருக்கும் ஒன்பது வோல்ட்

பேட்டரியில் இயங்கும் எலக்ட்ரிக் கிட்டாரை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் ஆன்-ஆஃப் ஸ்விட்ச் பெரும்பாலும் தென்படாது. கேபிளைச் செருகினால் உயிர் வருகிறது, பிடுங்கினால் அணைகிறது. நன்றாகச் செய்யப்பட்ட கிட்டாரில் பேட்டரி இருக்கும் இடமும் தெரியாது. இரண்டையும் ஒளிப்பதில் ஆச்சரியமான அளவுக்கு வேலை இருக்கிறது.

முதலில், பேட்டரி எதற்கு? கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் முறை சுற்றிய மெல்லிய தாமிரக் கம்பி. எஃகுத் தந்தி அதன் மேலே அதிரும்போது காந்தப் புலம் மாறி, கம்பியில் மின்னழுத்தம் தானாகவே பிறக்கிறது. வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் தேவையில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். அத்தனை சுற்றுகள் கொண்ட சுருளால் பலமாக மின்னோட்டத்தைத் தள்ள முடியாது. கிட்டார் கேபிளுக்கோ மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்குத் திறன் உண்டு. கேபிள் நீள நீள, கீச்சென்ற உயர் அதிர்வெண்கள் வழியிலேயே மங்கிவிடுகின்றன. கிட்டாருக்குள்ளேயே ஒரு சிறிய பெருக்கிச் சுற்றை வைத்துவிட்டால் கேபிளின் நீளம் பெரிய பொருட்டல்ல. அந்தச் சுற்றுக்குத்தான் ஒன்பது வோல்ட்.

ஸ்விட்ச் எங்கே என்றால், கேபிளைச் செருகும் துளையான ஜாக்கில். இந்தக் கிட்டார்களில் மூன்று தொடுமுனைகள் கொண்ட ஸ்டீரியோ ஜாக்கைப் பொருத்துகிறார்கள். கிட்டார் கேபிளின் மோனோ பிளக்கிலோ இரண்டே பகுதிகள்: நுனி, நீண்ட தண்டு. ஜாக்கின் நுனித் தொடுமுனை இசைச் சமிக்ஞையை ஏற்கிறது. தண்டுத் தொடுமுனை சுற்றின் கிரவுண்ட், அதாவது மின்னோட்டம் திரும்பும் பொது வழி. மிஞ்சியிருக்கும் வளையத் தொடுமுனையில் பேட்டரியின் எதிர்மின் (மைனஸ்) முனைக் கம்பியைப் பற்றவைக்கிறார்கள். பிளக் உள்ளே போனதும் அதன் நீண்ட தண்டு வளையத்தையும் கிரவுண்டையும் ஒருசேரத் தொட்டு, அறுந்திருந்த சுற்றை முழுமையாக்குகிறது. கூடுதல் பாகம் ஒன்றுகூட இல்லாத அழகான தந்திரம். ஒரே குறை, வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்ற மறந்தால் பேட்டரி விடியவிடிய வற்றிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு வேகமாக வற்றும் என்பதைப் பொறுத்தே அதை எவ்வளவு ஆழமாக ஒளிக்கலாம் என்பதும் அமைகிறது. ஒன்பது வோல்ட் ஆல்கலைன் பேட்டரியில் ஏறத்தாழ 500 மில்லிஆம்பியர்-மணி சக்தி இருக்கிறது. டிஎல்072 என்ற புகழ்பெற்ற பெருக்கிச் சிப் 3 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும்; கணக்குப்படி 180 மணி நேரம் வரை தாங்கும். அதன் சிக்கனமான உறவினரான டிஎல்062க்கு 0.4 மில்லிஆம்பியர் போதும். ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டும். முதலாவதற்குக் கையால் திறக்கும் மூடி வேண்டும். இரண்டாவதற்குப் பின்பக்கத் தகட்டின் திருகுகளை எப்போதாவது கழற்றினால் போதும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களுக்குப் பின்னால் உள்ள கட்டுப்பாட்டுக் குழியிலேயே இடமிருந்தால் பேட்டரியை நுரைப்பஞ்சில் சுற்றி அங்கேயே திணித்துவிடலாம், புதுக் குழியே வேண்டாம்.

அப்படி இடம் இல்லையென்றால் மரத்தைக் குடைய வேண்டும். பேட்டரியின் அளவு 48.5 × 26.5 × 17.5 மி.மீ. அதன் தலையில் மாட்டும் கிளிப்புக்கும் மூடிக்கும் இடம் விட்டால் 57 × 29 × 23 மி.மீ. குழி தேவைப்படும். வழக்கமான கட்டை உடலின் தடிமன் 45 மி.மீ. என்பதால் அடியில் 22 மி.மீ. மரம் மிஞ்சும். மரம் குடையும் ரவுட்டர் இயந்திரத்தை அச்சுப்பலகையின் விளிம்பை ஒட்டி ஓட்டி, ஒரு தடவைக்கு மூன்று நான்கு மி.மீ. மட்டும் சீவுவார்கள். சுழலும் வெட்டுமுனை மூலைகளை வட்டமாகவே விட்டுவிடும், பேட்டரியின் மூலையோ அவ்வளவு வளைந்ததல்ல. அந்த நான்கு மூலைகளுக்கு உளிதான் கதி.

மரத்தைக் குடைந்தால் நாதம் கெடும் என்று கவலைப்படுபவர்கள் உண்டு. இந்தக் குழியிலிருந்து வெளியேறும் மரம் சுமார் 38 கன சென்டிமீட்டர். லேசான மரமானால் 20 கிராம். உள்ளே போகும் பேட்டரி 45 கிராம். மூன்று நான்கு கிலோ எடையுள்ள கருவியில் இந்த வித்தியாசத்தைக் காது கண்டுபிடிக்கும் என்று நான் நம்பவில்லை.

மூடியை அதே பலகையின் மிச்சத் துண்டிலிருந்து அறுத்து, மர இழைகள் உடலோடு தொடர்ந்து ஓடும்படி பொருத்தினால் கண் ஏமாறும். குடைந்த இடத்து மரத்தையே மூடியாக்க முடியாது. வெட்டுமுனை அதைத் தூளாக்கியிருக்கும். திருகு தெரியக் கூடாதென்றால் மூலைகளில் சிறு நியோடிமியம் காந்தங்களைப் பதிக்கலாம். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு ஜோடியும் ஈர்க்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று தலைகீழானால் மூடி துள்ளும்.

இரைச்சலைத் தடுக்கக் கட்டுப்பாட்டுக் குழியில் ஒட்டும் தாமிரத் தாளைப் பேட்டரிக் குழிக்கும் நீட்டும் ஆசை வரும். கிளிப் கழன்று இரண்டு முனைகளும் அந்தத் தாளில் பட்டால் குறுக்குச்சுற்று, சூடு. அங்கே வெறும் மரமே நல்லது. மூடிய குழிக்குள் தடவித் தடவி மாட்டும்போது கிளிப் ஒரு கணம் தலைகீழாக உரசுவதும் சகஜம். அதற்கு, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு ஷாட்கி டையோடைத் தொடராகப் போட்டால் 0.3 வோல்ட் அளவுக்கு இழப்போம், சிப் பிழைக்கும். பேட்டரிக்கு அடியில் ஒரு துணி நாடாவையும் விட்டுவைக்க வேண்டும். இறுக்கமான குழியிலிருந்து பேட்டரியை வெளியே இழுக்க நாடா இல்லையென்றால், அடுத்து மாற்றுபவர் ஸ்க்ரூடிரைவரால்தான் நெம்புவார்.