அகத்தியிலிருந்து போர்ட் பிளேருக்கு மூன்று மணி நேரமா?

ஸ்கூபா டைவிங் ஆர்வலர் ஒருவர் என்னிடம் டிக்கெட் போட வந்தார். "லட்சத்தீவு முடிச்சுட்டு நேரா அந்தமான் போகணும் சார். 2,240 கிலோமீட்டர், ஃபிளைட்ல மூணு மணி நேரம்னு நெட்ல போட்டிருக்கு. காலையில கிளம்பினா மதியச் சாப்பாடு அங்கேதானே?" என்றார். சென்னையில் டிக்கெட் போடும் எனக்கு இது பழகிய கேள்வி, ஊர்தான் மாறும்.

தொலைவு சரிதான். நேர்க்கோட்டுத் தொலைவை ஜெட் வேகத்தால் வகுத்துச் சொன்ன கணக்கு அது. ஆனால் அந்தக் கோட்டில் விமான சேவை கிடையாது. லட்சத்தீவில் விமானம் இறங்கும் தீவான அகத்தியின் ஓடுபாதை நீளம் சுமார் 1,200 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானங்கள் இறங்க முடியாது. ஏடிஆர் போன்ற சிறிய புரொப்பெல்லர் விமானங்கள்தான் வரும். அவற்றின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர்.

வழக்கமாக நான் போட்டுத் தரும் வழி அகத்தியிலிருந்து கொச்சி, சென்னை, அப்புறம் அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்). மூன்றையும் கூட்டினால் சுமார் 2,360 கிலோமீட்டர். நேர்க்கோட்டைவிட 120தான் அதிகம்! பறக்கும் நேரமும் ஐந்து மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். ஆனாலும் பயணம் ஒன்றரை நாள் ஆகிவிடுகிறது. போர்ட் பிளேர் விமானங்களில் பெரும்பாலானவை காலையிலும் நண்பகலிலும் போய்விடும். அகத்தியில் கிளம்பி அன்றே அதைப் பிடிப்பது கஷ்டம். ஆகவே சென்னையில் ஓர் இரவு தங்கியே ஆகவேண்டும்.

சில வருடங்களுக்கு முன், வயதான அம்மாவோடு ஒரு குடும்பம் தாங்களாகவே மூன்று டிக்கெட்டுகளைத் தனித்தனியாக எடுத்திருந்தது. கொச்சியில் இடைவெளி இரண்டே மணி நேரம். பருவமழையில் முதல் விமானம் தாமதமானது. இறங்கி, பெட்டியை வாங்கி, மறுபடி செக்-இன் செய்யப் போனால் கவுன்ட்டர் மூடியாகிவிட்டது. தனி டிக்கெட் என்பதால் முந்தைய தாமதத்துக்கு அடுத்த நிறுவனம் பொறுப்பேற்கவில்லை. மறுநாள் போர்ட் பிளேர் விமானமும் கைநழுவியது. கொச்சியிலிருந்து அவர்கள் போனில் பேசிய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், முடிந்தவரை ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் எடுங்கள். அது கிடைக்காவிட்டால் இடையில் ஓர் இரவை விடுங்கள். லட்சத்தீவுக்கான அனுமதிச் சீட்டு கைக்கு வராமல் பணம் திரும்பாத டிக்கெட் எடுக்காதீர்கள்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. இரண்டு இடத்திலும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் போர்ட் பிளேரில் சூரியன் ஏறக்குறைய 80 நிமிடம் முந்திவிடும். டிசம்பரில் மாலை ஐந்துக்கே இருட்டத் தொடங்கும். தாமதமாக இறங்கினால் அன்றைக்கு ஹேவ்லாக் தீவுக்குப் படகு கிடையாது.

டைவிங் செய்பவர்களுக்கு மேலும் ஒரு கணக்கு உண்டு. பல நாள் டைவிங் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பதே பொதுவான பாதுகாப்பு அறிவுரை. ஆகவே அந்த ஆர்வலருக்கு இப்படிப் போட்டுக் கொடுத்தேன்: செவ்வாய் காலை கடைசி டைவ், புதன் அகத்தியிலிருந்து புறப்பாடு, இரவு சென்னையில் தங்கல், வியாழன் காலை போர்ட் பிளேர் விமானம்.