கீறல் விழுந்தது ஜன்னலில்தான்

போன மாதம் அலமாரியை ஒழிக்கும்போது அக்கா கல்யாணத்து போட்டோ சிடி கிடைத்தது. உறையில்லாமல் இருபது வருஷம் கிடந்ததில் பளபளக்கும் பக்கம் முழுக்கக் கீறல். டிரைவில் போட்டால் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது, ஒரு படமும் திறக்கவில்லை. "தூக்கிப் போடுடா" என்றாள் அக்கா. எனக்கு மனசு வரவில்லை. கீறல் விழுந்த இடத்தில் அந்தப் படங்கள் இல்லையே!

சிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். ஏறக்குறைய முழுவதும் பாலிகார்பனேட் என்ற தெளிவான பிளாஸ்டிக். பதிவு இருப்பது அதன் மறுகோடியில், பெயர் எழுதும் பக்கத்தை ஒட்டி. அதைக் காப்பது மெல்லிய உலோகப் பூச்சும் அதன்மேல் ஒரு அரக்குப் பூச்சும்தான். லேசர் கீழிருந்து பிளாஸ்டிக்கைக் கடந்து போய்ப் படித்துத் திரும்புகிறது. ஆக, பளபளக்கும் பக்கத்துக் கீறல் ஜன்னல் கண்ணாடியில் விழுந்த கீறல். பெயர் எழுதிய பக்கம் உரிந்தால்தான் வீட்டுக்குள்ளிருக்கும் பொருளே போகிறது. சிடியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனையாய் வெளிச்சம் வருகிற இடத்தில் பூச்சு போய்விட்டது, அங்கே எந்தத் தேய்ப்பும் உதவாது.

பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் லேசர் ஒளி சுமார் 0.8 மி.மீ. அகல வட்டமாக நுழைந்து, பதிவைத் தொடும்போதுதான் புள்ளியாகக் குவிகிறது. அதனால் தலைமுடி அளவுக் கீறல் ஒளியில் கொஞ்சத்தைத்தான் மறைக்கும். அதையும் மீறித் தவறு நேர்ந்தால் கணக்கு கைகொடுக்கும். இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் இருவரும் 1960-ல் வெளியிட்ட பிழைதிருத்த முறை ஒவ்வொரு சிடியிலும் இருக்கிறது. செல்லரித்த ஏட்டில் ஒரு சொல் போனால், எதுகையும் மோனையும் பார்த்து அது இன்ன சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பார்களே, அதுபோலத்தான். ஒரு பாட்டை ஒரே ஏட்டில் எழுதாமல் சொல்சொல்லாகப் பல ஏடுகளில் பிரித்தும் வைத்தால்? ஓர் ஏடு முழுதாகப் போனாலும் பாட்டுக்கு ஒரு சொல்தான் நஷ்டம். இப்படிப் பிரித்து வைத்திருப்பதால், பதிவு சுற்றிச் சுற்றி ஓடும் தடத்தின் வழியே சுமார் 2.5 மி.மீ. தொடர்ந்து அழிந்தாலும் சிடி பிழைத்துக்கொள்ளும்.

அதனால்தான் எப்போதும் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்கச் சொல்கிறார்கள். நேர்க்கீறல் தடங்களைக் குறுக்கே வெட்டிப் போகும், ஒவ்வொன்றிலும் சேதம் சிறிது. வட்டக்கீறல் ஒரே தடத்தை நீளமாகத் தின்றுவிடும்.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பல சிடிகள் அழுக்கால்தான் திணறுகின்றன. பிறகு வெள்ளைப் பற்பசை, ஜெல் வேண்டாம். ஈரப் பருத்தித் துணியில் கொஞ்சம் தொட்டு, கீறல்மேல் நேராக ஐந்து நிமிடம் மெதுவாகத் தேய்க்க வேண்டும். பற்பசையிலுள்ள நுண்துகள்கள் கீறலின் கூர்விளிம்பை மழுக்கும், ஒளி சிதறுவது குறையும். கழுவி நிழலில் காயவையுங்கள். வீட்டில் பதிந்த சிடியில் பதிவைத் தாங்குவது ஒரு சாயம், வெயில் அதற்கு ஆகாது. நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனும் கூடாது, பாலிகார்பனேட்டையே அரித்துவிடும். புளூ-ரே வகைத் தட்டில் பதிவுக்கு முன்னால் இருப்பது 0.1 மி.மீ. அடுக்குதான், அதைத் தேய்க்கவே வேண்டாம். நடு ஓட்டையிலிருந்து விரிசல் விட்ட தட்டையும் டிரைவில் போடாதீர்கள், வேகத்தில் உடைந்து சிதறும்.

படிப்பதற்கு டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற இலவச மென்பொருளைத்தான் நான் நம்புகிறேன். சாதாரணமாக நகலெடுத்தால் முதல் பிழையிலேயே நின்றுவிடும். இது படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, விட்ட இடங்களைக் குறித்துவைத்துத் திரும்பத் திரும்ப முயலும். அந்தக் குறிப்போடு வேறொரு டிரைவில் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடுவது சகஜம்.

எனக்கு நண்பன் வீட்டுப் பழைய டிரைவ்தான் கைகொடுத்தது. ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் அக்காவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஒரே ஒரு படத்தில் மட்டும் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். மேல்பாதியில் தாத்தா அட்சதை தூவக் கையை உயர்த்தியிருக்கிறார்.