முதுகில் மூன்று கோடு

இலங்கையின் தேயிலைக் கொழுந்து மலையில் வேலை செய்பவர்கள் அணில்களைச் சட்டென்று பிரித்துச் சொல்லிவிடுவார்கள். லயத்துக் கூரையில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக் கூரையில், ஓடுவது அணில். காட்டோரத்து உயர்ந்த மரங்களில் பூனை அளவு உடம்போடு தாவுவது மலையணில். இருட்டிய பிறகு கைக்கும் காலுக்கும் நடுவில் இருக்கும் தோலை விரித்துச் சறுக்குவது பறக்கும் அணில். வாழும் இடம், பருமன், வெளியே வரும் நேரம், இவ்வளவுதான் கணக்கு. விலங்கியலும் இந்த மூன்றையும் வெவ்வேறு பேரினங்களில்தான், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதிகளில்தான், வைத்திருக்கிறது. படிக்காதவர்களின் அறிவு என்று இதை ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது.

சிக்கல் வருவது கோடு போட்ட சின்ன அணில்களில். இராமர் தடவிய மூன்று கோட்டை நமக்கெல்லாம் தெரியும். மலைக்காட்டுக்குள் போனால் அந்த அடையாளம் மட்டும் போதாது. அங்கே நடுக்கோடு நெருப்பு நிறத்தில் எரியும் லேயார்டு அணில் இருக்கிறது. கோடுகள் மங்கித் தெரியும் இன்னொரு கருத்த அணிலும் இருக்கிறது. இரண்டாவதை நெடுங்காலம் தென்னிந்திய அணில் ஒன்றின் துணையினமாகவே, அதாவது ஒரே இனத்தின் உள்வகையாகவே, எண்ணியிருந்தார்கள். 2012இல் வந்த ஆய்வுதான் அதை இலங்கைக்கே உரிய தனி இனமாகப் பிரித்தது. ரோமத்தின் நிறம் ஈரத்துக்கும் நிழலுக்கும் ஏற்ப மாறிவிடக்கூடியது. அதனால்தான் மண்டையோட்டையும் பற்களையும் அளக்கிறார்கள், மரபணுவை ஒப்பிடுகிறார்கள்.

அணில் தவிர மரமேறும் எலியும் இங்கே உண்டு. தேயிலைத் தோட்டத் துரையாக இருந்த பிலிப்ஸ் 1929இல் விவரித்த நீண்ட வால் சுண்டெலி மலைநாட்டுக்கே உரியது. அந்தப் பேரினத்தின் காலைப் பாருங்கள்: முதல் விரலிலும் கடைசி விரலிலும் கூர்நகத்துக்குப் பதில் தட்டை நகம். மெல்லிய கொப்பை இரண்டு பக்கமும் பற்றிக்கொள்ள வசதி.

சரி, மலையணிலுக்கு வருவோம். 1769இல் இயற்கையாளர் பென்னன்ட் அதற்கு வைத்த 'மக்ரூரா' என்ற அறிவியல் பெயருக்குக் கிரேக்கத்தில் நீண்ட வால் என்று பொருள். இலங்கையில் அதற்கு மூன்று துணையினங்கள். அவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன்: மலைநாட்டில் இருப்பது முதுகு கருத்தது. மழை குறைந்த உலர்வலயத்தில் இருப்பது நரைத்தது. 1915இல் விலங்கியலாளர்கள் தாமஸும் ராட்டனும் அந்த நரைத்ததற்கு 'டண்டோலேனா' என்று பெயரிட்டார்கள். கிராமத்துச் சிங்களவர் அன்றாடம் சொல்லும் 'தண்டு லேனா'தான் அது. லேனா என்றால் அணில். தமிழ்நாட்டின் ஶ்ரீவில்லிபுத்தூர் காட்டு அணிலையும் இதே துணையினத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். அங்கே அதைப் பார்க்கப் போகும் தமிழர் படிக்கும் அறிவியல் பெயருக்குள் இருப்பது இலங்கைக் கிராமத்துச் சொல்.