‘டிஸ்போசல்’ என்றால் ‘தீர்வு’ ஆகுமா?

‘ஓராண்டில் இத்தனை லட்சம் வழக்குகளுக்குத் தீர்வு.’ நீதிமன்றங்களின் ஆண்டுக் கணக்கு வெளியாகும்போதெல்லாம் இந்தத் தலைப்பும் கூடவே வந்துவிடுகிறது. மூலத்தில் இருக்கும் சொல் ‘டிஸ்போசல்’. அதற்குத் ‘தீர்வு’ என்று எழுதுவது பிழை.

லத்தீனில் பிரித்து வைத்தல், ஒழுங்குபட வைத்தல் என்ற பொருளில் பிறந்த சொல் அது. நீதிமன்றத்தில் அதற்குப் பொருள், வழக்கு கோப்பிலிருந்து இறங்கிவிட்டது என்பதுதான். தீர்ப்பு எழுதி முடிந்ததும் அதில் சேரும். வாதி வாபஸ் பெற்றதும், இரு தரப்பும் ராஜியானதும், குற்றம் சாட்டப்பட்டவர் இறந்ததால் அற்றுப்போனதும் அதில்தான் சேரும்.

என் சித்தப்பாவின் வரப்பு வழக்கு பதினோரு ஆண்டு நடந்தது. ஒரு வாய்தாவன்று அவர் மருத்துவமனையில் படுத்திருந்தார், வக்கீலும் போகவில்லை. வாதி வராமையால் தள்ளுபடி. இணையத்தில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தேன்: ‘டிஸ்போஸ்டு’, அதன் கீழே ‘அன்கன்டெஸ்டட்’, அதாவது எதிர்ப்பின்றி முடிந்தது. வரப்போ பக்கத்து வயல்காரர் நகர்த்திய இடத்திலேயே கிடக்கிறது. இதைத் தீர்வு என்று எழுத எப்படிக் கை வருகிறது? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9ஆம் கட்டளைப்படி மனுப் போட்டு இந்த வழக்கைத் திரும்பக் கோப்பில் ஏற்றலாம். தீர்ந்துபோன வழக்கு திரும்ப ஏறுமா? பசி தீர்ந்தது, கடன் தீர்ந்தது என்கிறோம்; மிச்சமில்லாமல் போனால்தான் தமிழில் அது தீர்தல்.

கணினி மொழிபெயர்ப்பு தரும் ‘அகற்றல்’ குப்பைக்கு உரியது; அதை விட்டுவிடலாம். ‘பைசல்’ நீதிமன்ற, அலுவலகத் தமிழில் ஊன்றிய சொல். அரபியில் அதன் வேருக்கும் பிரித்தல் என்றே பொருள். ஆனால் ‘கடனைப் பைசல் செய்தான்’ என்னும்போது கணக்கு நேராகிவிட்ட தொனி அதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு ‘முடிந்த வழக்குகள்’ போதும். எப்படி முடிந்தது என்ற கேள்விக்கு அது இடம் விடுகிறது.

நிலுவையும் முடிந்ததுமான வழக்குகளின் எண்ணிக்கையை இணையத்தில் காட்டும் தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு 2015இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அதில் சேர்ந்தது. இந்தத் தொகுப்பை உருவாக்கிய மின்-நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு அதே ஆண்டில் 7,210 கோடி ரூபாய் ஒப்புதலானது. கீழ் நீதிமன்றங்களில் மட்டும் நிலுவை நான்கு கோடிக்கு மேல். இவ்வளவு செலவில் திரட்டிய எண்ணைத் தமிழாக்கும்போது ஒரு சொல்லில் கோட்டை விடுகிறார்கள். எதிர்த்து நடந்து முடிந்தவை எத்தனை, எதிர்ப்பின்றி முடிந்தவை எத்தனை என்று இரண்டு வரியாக எழுதட்டும்.