விதை எந்த வாயில் விழுகிறது?

பழுத்த பழம் தாய்மரத்தின் அடியிலேயே விழுந்துவிட்டால், அந்த விதை பிழைப்பது அரிது. நிழல் ஒரு காரணம். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த ஒரு மர இனத்தையே குறிவைத்துத் தாக்கும் பூச்சிகளும் பூஞ்சைகளும். தாய்மரத்தைச் சுற்றித்தான் அவை மொய்த்துக் கிடக்கும். டேனியல் ஜான்சென் 1970இலும் ஜோசப் கானல் 1971இலும் தனித்தனியே முன்வைத்த விளக்கம் இது. வெப்பமண்டலக் காட்டில் ஒரே இனம் இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல், நூற்றுக்கணக்கான இனங்கள் கலந்து நிற்பதற்கு இதையே ஒரு முக்கியக் காரணமாக அவர்கள் கருதினார்கள்.

சரி, விதை எப்படியாவது அங்கிருந்து கிளம்பியாக வேண்டும். மெராந்தி போன்ற மரங்கள் விதைக்கு இறக்கை வைத்துக் காற்றில் விடுகின்றன. மற்ற பல மரங்கள் விலங்குகளைத்தான் நம்பியிருக்கின்றன. சதையும் இனிப்பும் அவை கொடுக்கும் கூலி.

ஆனால் பழம் தின்கிற எல்லாமே விதையைப் பரப்புவதில்லை. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவான பூமலையில் அத்தி வகை மரம் பழுத்தால் பச்சைப்புறாக்கள் கூட்டமாக இறங்கும். பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் அவற்றின் அரைவைப்பை அத்தியின் பொடி விதைகளில் பெரும்பாலானவற்றை நொறுக்கிவிடும். அதே பழத்தை வௌவால் தின்றால் கதை வேறு. அது சாற்றை உறிஞ்சிக்கொண்டு நாரைச் சக்கையாகத் துப்பிவிடும். பொடி விதைகள் சாற்றோடு உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் எச்சத்தில் வெளியேறும். வௌவால் பறந்துகொண்டே எச்சமிடும் என்பதால், மரமே இல்லாத வெட்டவெளியிலும் விதை விழுகிறது. பறவைகள் பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து எச்சமிடுவதால் அவற்றுக்கு இது அவ்வளவாகக் கைவராது. தரைவீடுகளின் கார் நிறுத்தும் முகப்பில் வௌவால் துப்பிய சக்கையைக் கழுவி அலுத்தவர்கள் நம்மில் பலர். காட்டுக்கு அது பெரிய உதவி என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது நீளவால் குரங்கின் வாய். ரிச்சர்ட் கார்லெட், பீட்டர் லூகாஸ் இருவரும் புக்கிட் தீமா காட்டுக் குரங்குகளைக் கவனித்து 1990இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குரங்கு பழங்களை அவசரமாகக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு நகரும். அப்புறம் நிதானமாக ஒவ்வொன்றாக வாய்க்குக் கொண்டுவந்து, சதையை உரித்துத் தின்று, விதையைத் துப்பும். ஏறக்குறைய 4 மில்லிமீட்டருக்கும் குறைந்த விதைகளைத்தான் விழுங்கும். பெரியவை துப்பப்படுகின்றன. அதனால் அவை வெகுதூரம் போவதில்லை. ஆனாலும் தாய்மரத்தை விட்டு நகர்ந்துவிடுகின்றன. சதை நீங்கி, சேதமில்லாமல், ஒரே குவியலாக இல்லாமல் சிதறி விழுகின்றன. விதைக்கு வேண்டியதும் அதுதானே? இப்படி வேலை செய்யும் விலங்குக்குச் சாலையோரத்தில் ரொட்டியை நீட்டினால், அது காட்டுப் பழத்தை விட்டுவிட்டுக் காரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். குரங்குக்குத் தீனி போடுவது இங்கே சட்டப்படி குற்றம். அப்படி இருப்பதுதான் சரி என்பேன்.

குரங்கு ஏன் இவ்வளவு முக்கியம்? பெரிய வாய்கள் சிங்கப்பூரில் குறைந்துபோய்விட்டன. பறவை விழுங்கும் பழத்தின் அளவை அதன் வாய் திறக்கும் அகலம்தான் தீர்மானிக்கிறது. பெரிய இருவாச்சி இனங்கள் இந்தத் தீவின் காடுகளிலிருந்து மறைந்தபோது, பெரிய விதை மரங்கள் தங்களைச் சுமந்தவர்களை இழந்தன. மரம் நூறாண்டு நிற்கும் என்பதால் இந்த இழப்பு உடனே கண்ணில் படாது. மேலே பச்சையாகவே இருக்கும். கீழே கன்றுகள்தான் குறையும். சிறிய இருவாச்சி இனம் ஒன்று 1994இல் பூலாவ் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. செயற்கைக் கூடுகளும் அமைத்துக் கொடுத்ததால் இப்போது நகருக்குள்ளும் அதைப் பார்க்க முடிகிறது. பெரிய உறவினரின் இடத்தை அது முழுமையாக நிரப்பிவிடாது.

மரநாயும் இதே வேலையைத்தான் இரவில் செய்கிறது. நம் கையில் பட்டாலே அரிக்கும் மீன்வால் பனையின் பழத்தைக்கூட விழுங்கி, விதையை முழுசாக வேறிடத்தில் கழித்துவிடும். ஆனால் சாலையைக் கடக்கப் போய் அடிபட்டால் அந்த விதைகளும் அதோடு போச்சு. புக்கிட் தீமா விரைவுச்சாலை 1980களில் காட்டை இரண்டாகப் பிளந்தது. அதன் மேல் 2013இல் 62 மீட்டர் நீளத்தில் விலங்குகளுக்கென்றே ஒரு பசும்பாலம் கட்டி, நம் நாட்டு மரங்களை நட்டார்கள். மண்டாயில் 2019இல் இன்னொன்று திறந்தது. இவற்றால் விலங்குகள் மட்டுமல்ல, அவற்றின் குடலில் இருக்கும் அடுத்த தலைமுறை மரங்களும் சாலையைக் கடக்கின்றன.