கல்வெட்டு மென்பொருள் செய்கிற தம்பி தங்கைமார் கவனத்துக்கு

இந்த மாதமும் ஒருவர் வந்தார். மடிக்கணினிக்குள் முப்பத்தோராம் நாளில் இறந்தவரின் நினைவாகக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்தை அச்சமைக்கும் மென்பொருள். பெயர்களை நிரப்பினால் வம்சவிருட்சத்தைத் தானே வரைகிறது, தேவாரங்களை அடுக்குகிறது, பிடிஎஃப் தருகிறது. வேலையில் குறை சொல்ல மாட்டேன்.

"ஆருக்குக் காட்டினனீர்?"

"பெடியள் எல்லாருக்கும் அனுப்பினனான் அண்ணை. நல்லாயிருக்கு எண்டுதான் சொன்னவை. ஆனா ஒருத்தரும் வாங்கேல்லை."

பெடியள் என்றால் கம்பஸில் கூடப் படித்தவர்கள். அவர்களில் ஒருவர்கூட ஒரு கல்வெட்டுக்குப் பக்கம் அமைத்ததில்லை. அவர்கள் ஏன் வாங்க வேண்டும்?

வவுனியாவிலிருந்து பரந்தன் வரை அச்சகக் கணினிகளைப் பார்த்துத் திரிகிறவன் நான். இதே கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆகவே ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

எங்கடை ஆக்கள் ஒரு பிள்ளை கஷ்டப்பட்டுச் செய்ததை அதன் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். மாமா சொல்ல மாட்டார், வாத்தியார் சொல்ல மாட்டார், அச்சக முதலாளிகூடத் தேத்தண்ணி தந்து "நல்ல முயற்சி தம்பி" என்று அனுப்பிவைப்பார். அதை நம்பி அடுத்த ஆறு மாதம் வீட்டிலிருந்து புதுப்புது வசதிகளைச் சேர்க்காதீர்கள். முகநூலில் விழுந்த விருப்பக்குறிகளும் அந்தக் கணக்குத்தான். "பிடிச்சிருக்கா?", "வாங்குவீங்களா?" என்றெல்லாம் கேட்கவே கேட்காதீர்கள், "ஓம்" என்று சொல்ல யாருக்கும் செலவில்லை. "கடைசியாய் அடிச்ச கல்வெட்டிலை எந்த இடத்திலை நேரம் போனது?" என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்லும்போது ஆட்கள் மரியாதைக்காகப் பொய் சொல்வது குறைவு.

அதைவிட நல்லது, அன்றைக்கு வந்திருக்கிற உண்மையான வேலையொன்றை உங்கள் மென்பொருளில் செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் இருப்பது. வாயைத் திறக்கக் கூடாது. மௌஸைப் பறிக்கக் கூடாது.

போன வருடம் மென்பொருள் செய்த ஒரு தங்கச்சியை அப்படி ஓர் அச்சகத்தில் இருத்திவிட்டேன். அங்கே தட்டெழுதும் அக்கா பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் ஊறிய கை. 'கொ' அடிக்க முதலில் கொம்பு (ெ), பிறகு 'க', பிறகு அரவு (ா). மென்பொருள் யூனிகோட், அதில் 'க' முதலில் வர வேண்டும்; ஆகவே முதல் தட்டிலேயே புள்ளி வட்டம் ஒன்று வந்து நின்றது. அக்கா அழித்துவிட்டுத் திரும்ப அடித்தார். திரும்பவும் வட்டம். நாலாவது சொல்லில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இது எங்களுக்குச் சரிவராது பிள்ளை" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பாமினி வரிசையில் அடித்தாலும் உள்ளே யூனிகோட்டாகச் சேமிக்கிற விசைப்பலகை வசதி எத்தனையோ காலமாக உண்டு. அதைச் சேர்த்தபிறகு அதே அக்கா பாவிக்கிறார்.

மேசைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் தெரியவரும் இன்னொன்று. பிள்ளைகளின் பெயருக்கு எதிரே பெரும்பாலான மென்பொருள்களில் இரண்டு தெரிவுதான்: உயிருடன், காலஞ்சென்றவர். வன்னியில் ஒரு தாயின் கல்வெட்டுக்கு அது போதாது. 2009இல் காணாமல் ஆக்கப்பட்ட மகனை எந்தப் பெட்டிக்குள் போடுவது? இறந்த திகதியைக் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் போட்டு மறித்தால் அந்தக் குடும்பத்திடம் நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று யோசித்தீர்களா? வீட்டுக்காரர் சொல்வதை அப்படியே எழுத ஒரு வெற்றிடம் விடுங்கள்.

இறந்த திதியைப் பாட்டில் சொல்லும் திதி வெண்பாவுக்கு மென்பொருள் திதியைத் தானே கணிக்கிறதாம். நல்லது, எந்தப் பஞ்சாங்கப்படி? வாக்கியமும் திருக்கணிதமும் சில நாட்களில் ஒத்துவராது. திதி நள்ளிரவில் மாறுகிற சாமானும் இல்லை; சந்திரன் சூரியனிலிருந்து ஒவ்வொரு 12 பாகை விலகும்போதும் மாறும். ரொறன்ரோவில் இறந்தவரென்றால் எங்கள் நேரத்துக்கும் அங்கத்தைய நேரத்துக்கும் ஒன்பதரை, பத்தரை மணித்தியால வித்தியாசம். எதை எடுப்பது என்று ஐயர் சொல்லட்டும். கணித்ததைத் திருத்த விடுங்கள், போதும்.

அச்சு விசயம் சுருக்கமாக. நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்கில் வர வேண்டும். கறுப்பு எழுத்து நாலு நிறத்திலும் பிரிந்துபோனால் கொஞ்சம் விலகினாலே எழுத்து மங்கும். இதையெல்லாம் அச்சகத்துப் பெடியனே சொல்லித்தருவான், கேட்டால்.

இனிக் காசு.

விளம்பரம் போட்டு உழைக்கலாம் என்கிறவர்களுக்கு: கணினியில் நிறுவுகிற மென்பொருளுக்குள் அட்சென்ஸ் விளம்பரம் வைக்க கூகுளின் விதி இடங்கொடுக்காது. வேறு வழியில் வைத்தாலும், வன்னியில் இருக்கிற அச்சகங்கள் எத்தனை, அவை ஒரு நாளில் எத்தனை தரம் உங்கள் திரையைத் திறக்கும்? சதம்தான் சேரும். அதோடு செத்தவீட்டுப் புத்தகம் செய்கிற திரையில் சூதாட்ட விளம்பரம் வந்தால் உங்களை ஏசுவார்கள், ஏச வேண்டும்.

மாதச் சந்தாவைக் கடனட்டையால் கட்டச் சொல்வதும் இங்கே ஓடாது. அச்சகத்தில் எல்லா மாதமும் ஒரே மாதிரி இல்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலை ஒட்டித் துண்டுப்பிரசுரம் குவியும்; வேறொரு மாதம் ஈ ஓட்டுவார்கள். ஒரு கல்வெட்டுக்கு இவ்வளவு என்று வாங்குங்கள். முதலாளி அதைத் தன் பில்லில் சேர்த்துவிடுவார், அவருக்குக் கைநட்டமில்லை. முதல் கல்வெட்டு இலவசம், இரண்டாவதிலிருந்து காசு. கொடுக்க மறுத்தால் ஏனென்று கேளுங்கள். அந்தப் பதில்தான் நீங்கள் தேடித் திரிகிற பின்னூட்டம்.

எல்லா அச்சகத்துக்கும் சும்மா கொடுத்துப் பழக்காதீர்கள். பிறகு விலை சொன்னால் நீங்கள்தான் பேராசைக்காரர்.

அச்சகங்களின் பழைய கோப்புகளிலும் உழைப்பு இருக்கிறது. பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001இல். அதற்கு யூனிகோட் தெரியாது, ஆனால் இன்றும் அதில் வேலை நடக்கிற மேசைகள் உண்டு. ஆண்டுத் திதிக்கு அதே குடும்பம் வரும்போது பாமினியில் கிடக்கும் பெயர்ப் பட்டியலை யூனிகோட்டுக்கு மாற்றி, சரிபார்த்துக் கொடுப்பது தனி வேலை, தனிக் கூலி. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசியில் வாசிக்கிற பிரதியும் அப்படித்தான்.

எழுத்துருவைக் கண்ட இடத்தில் இறக்கிச் சேர்த்து விற்காதீர்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போலத் திறந்த உரிமத்தில் உள்ளவற்றை மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்க முடியாது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனின் கணக்குக்குப் போடுங்கள் என்று சொல்கிறவரிடம் முதலாளிமார் இரண்டாம் தரம் வாங்குவதில்லை.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். ஒரு கல்வெட்டுக்குள் மூன்று தலைமுறையின் பெயர், ஊர், யார் எந்த நாட்டில் என்பதெல்லாம் இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களின் விபரம் அது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருக்கால் வாசியுங்கள். உண்மையான குடும்பத்தின் கோப்பை மாதிரிக்கென்று இன்னொரு அச்சகத்தில் திறந்து காட்டாதீர்கள். மாதிரிக்குப் பொய்ப் பெயர்களில் ஒரு குடும்பம் செய்து வையுங்கள், அதில் காணாமல் போன ஒருவரையும் ரொறன்ரோவில் இறந்த ஒருவரையும் சேர்த்து.