விளக்கு மின்னினால் மலையேறாதீர்கள்

சுற்றுலாப் பருவம் தொடங்கினாலே இதே கதைதான். ஊட்டிக்குக் காரில் கிளம்பிய ஒரு குடும்பம். மேட்டுப்பாளையத்திலேயே டேஷ்போர்டில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிந்திருக்கிறது. "மலை என்றால் வண்டி திணறத்தான் செய்யும்" என்று யாரோ சொல்ல, பர்லியாறு, குன்னூர் எல்லாம் தாண்டி ஊட்டிவரை மிதித்தே வந்துவிட்டார்கள். மாற்ற வேண்டியிருந்தது ஒரேயொரு இக்னிஷன் காயில், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம். எரியாத பெட்ரோல் வழியெல்லாம் சைலன்சருக்குள் போனதில், இப்போது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் உருகி அடைத்துவிட்டது. அதன் விலையைக் கேட்டுக் குடும்பமே வாயடைத்து நின்றது. எனக்கே மனசு கேட்கவில்லை.

மலைமேல் பழி போடுவதை முதலில் நிறுத்துங்கள். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்று மெலிவதால், டர்போ இல்லாத இன்ஜினின் இழுவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும், உண்மைதான். ஆனால் அந்தக் குறைவு எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவானது, சீரானது. ஒரு கியர் குறைத்தால் வண்டி ஏறிவிடும். வெட்டி வெட்டி இழுத்தால், ஸ்டீயரிங் வரை உதறினால், பெட்ரோல் வாடை அடித்தால், ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். அது உயரத்தால் வந்த கோளாறு அல்ல. கீழேயே நலிந்துபோயிருந்த காயிலை ஏற்றம் காட்டிக்கொடுக்கிறது. பாரம் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பொறி தாவக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். "கோவையில் நிறுத்திவைத்துப் பார்த்தார்கள், நன்றாகத்தான் ஓடியது" என்கிறீர்கள். நின்ற இடத்தில் ஓடத்தான் செய்யும். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் பி0302 என்ற குறியீடு வந்தால், சரியாக எரியாதது இரண்டாவது சிலிண்டர். உடனே புதுக் காயில் வாங்க ஓடாதீர்கள். பிளக்குக்கு ஒரு காயில் உள்ள வண்டியென்றால், அந்தக் காயிலை மூன்றாவதில் மாட்டி, ஸ்கேனரால் பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பி0303 என்று மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக், பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர், சிலிண்டரின் அழுத்தமான கம்ப்ரஷன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றியதும் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு ஓடியிருந்தால், மின்சாரம் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் பாய்ந்திருக்கிறது. துடைத்து மாட்டுவது வீண். காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதே தடம் இருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால், அதைக் கசியவிட்ட கேஸ்கெட்டையும் மாற்றாமல் மூடாதீர்கள். தண்ணீர் தேங்கியிருந்தால், பெரும்பாலும் இன்ஜினைத் திறந்துவைத்துக் குழாயால் பீய்ச்சிக் கழுவிய வேலை. அந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

பழைய வண்டிகளில், இன்ஜின் ஓடும்போதே பிளக் வயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கும் மெக்கானிக் தம்பிகளே, அதில் பாய்வது பல்லாயிரம் வோல்ட். வேண்டாம்.

விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகப் பட்டறைக்கு ஓட்டிப் போகலாம். மின்னினால் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, வண்டியை ஏற்றிப் போக ஆள் வரவழையுங்கள். நிறுத்தும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டர் சிவக்கும் அளவுக்குச் சூடேறியிருக்கும். கோடையில் மசினகுடிப் பக்கம் சாலையோரப் புல் முழுக்கக் காய்ந்து கிடக்கும். தயவுசெய்து அதன்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள்.